தவணை ஏறவில்லை, கடன் மட்டும் ஒன்பது வருடம் நீண்டது எப்படி?

தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். தனியார் பள்ளி ஆசிரியை. கணவர் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். 2021 பிப்ரவரியில் இருவர் பெயரிலும் ஒரு ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனியின் மார்த்தாண்டம் கிளையில் 18 லட்சம் ரூபாய் வீட்டுக்கடன் வாங்கியிருக்கிறார்கள். 9 சதவீதம், மாறும் வட்டி, 240 தவணை, மாதம் 16,195 ரூபாய். ஒரு மாதம்கூடத் தவறவில்லை. 60 தவணை முடிந்ததும், கணவர் அனுப்பிய 3 லட்சத்தைக் கடனில் கட்டலாம் என்று கிளைக்குப் போயிருக்கிறார். அங்கிருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "அசல் 17 லட்சத்து மூவாயிரம் பாக்கி, இன்னும் 290 தவணை இருக்கு" என்றிருக்கிறார். இதுவரை கட்டியது 9,71,700 ரூபாய். அசலில் கழிந்த தொகை ஒரு லட்சம்கூட இல்லை.

"2022 செப்டம்பரிலேயே வட்டி 10.5 ஆகிவிட்டது, அப்போதே எஸ்.எம்.எஸ். அனுப்பினோம்" என்று கிளையில் சொல்கிறார்கள். அந்த எண் கணவரின் பழைய சிம். அவர் வெளிநாடு போன பிறகு ரீசார்ஜ் செய்யாமல் போய்விட்டது. கடனை முடித்தால் 2 சதவீதம் கட்டணம் என்றும் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். இதற்கிடையில் கடன் ஒரு வங்கிக்கு மாற்றப்பட்டதாகவும் தகவல் வந்திருக்கிறது. ஆனால் தவணையை இன்னும் பழைய கம்பெனிதான் எடுக்கிறது. "கட்டுறதை நிறுத்துங்க மைனி, அவங்களே தேடி வருவாங்க" என்கிறார் கொழுந்தன். ரெப்போ (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி விகிதம்) குறைந்தும் எனக்கு ஏன் குறையவில்லை, என் கையெழுத்து இல்லாமல் வட்டியை எப்படி ஏற்றினார்கள், என் பத்திரம் இப்போது யாரிடம் இருக்கிறது என்பவை அவருடைய கேள்விகள். இதே கம்பெனியில் கடன் கேட்டிருக்கும் தங்கைக்கு என்ன சொல்வது என்றும் கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் காரியமாக, கொழுந்தன் சொன்னதைக் கேட்காதீர்கள். அவர் உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகும். அதன் பிறகு, அடமானச் சொத்தைக் கடன் கொடுத்தவர் நேரடியாக எடுக்க வழி செய்யும் சர்ஃபாசி சட்டத்தின் 13(2) பிரிவில் 60 நாள் நோட்டீஸ் வரும், அடுத்தது வீட்டின் சுவாதீனம். இதற்கெல்லாம் கோர்ட்டில் அவர்கள் முன்கூட்டியே வழக்குப் போட வேண்டியதில்லை. எதிர்த்து நீங்கள்தான் 45 நாளுக்குள் மதுரையில் உள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்துக்கு ஓட வேண்டும். இன்றைக்கு உங்கள் கையில் இருக்கும் பெரிய பலம், 60 மாதம் ஒரு நாள்கூடப் பிசகாத கணக்கு. அதை நீங்களே உடைத்துவிட்டால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் பேச்சு வேறு திசைக்குப் போய்விடும். தவணையைக் கட்டிக்கொண்டே சண்டை போடுங்கள்.

உங்கள் கணக்கில் நடந்தது என்ன

நீங்கள் அனுப்பிய ஸ்டேட்மென்ட்டில் இரண்டு வரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2022 ஆகஸ்ட்: தவணை 16,195, அதில் வட்டி 13,135, அசல் 3,060. செப்டம்பர்: தவணை அதே 16,195, வட்டி 15,297, அசல் 898. உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து போன தொகை ஒரு ரூபாய்கூட மாறவில்லை. அதனால் உங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. ஆனால் அசலில் கழிந்த தொகை ஒரே மாதத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. 222 தவணை பாக்கி இருக்க வேண்டிய கடன், அன்றைக்கே 332 ஆகிவிட்டது.

இன்னும் கொஞ்சம் ஏறி வட்டி 11.12-ஐத் தொட்டிருந்தால், நீங்கள் கட்டும் 16,195 முழுவதும் வட்டிக்கே போயிருக்கும். அதற்கு மேல் என்றால் கட்டக் கட்டக் கடன் கூடும். காலத்தை நீட்டும்போது இந்த நிலை வரக்கூடாது என்று ரிசர்வ் வங்கி தெளிவாகவே சொல்லியிருக்கிறது. நீங்கள் அதற்கு மிக அருகில் போய் நின்றிருக்கிறீர்கள், உங்களுக்கே தெரியாமல். இதில் எனக்குக் கோபம் வருவது அந்தத் "தெரியாமல்" என்பதில்தான்.

வட்டியை ஏற்றியது தப்பா, சொல்லாதது தப்பா

இங்கே ஒரு திருத்தம். மாறும் வட்டிக் கடனில் வட்டியை ஏற்ற ஒவ்வொரு முறையும் உங்கள் கையெழுத்து தேவையில்லை. ஒப்பந்தத்திலேயே அதற்குச் சம்மதித்திருக்கிறீர்கள். 2022 மே மாதம் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆனது. அப்போது நாட்டில் மாறும் வட்டிக் கடன் வைத்திருந்த பெரும்பாலோருக்கும் வட்டி ஏறியது.

ரெப்போ இறங்கியதும் உங்களுக்கு ஏன் இறங்கவில்லை என்பதற்கும் பதில் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. 2025-இல் ரெப்போ படிப்படியாக 5.25 வரை வந்தது உண்மைதான். ஆனால், புதிய மாறும் வட்டி வீட்டுக்கடனை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது மாற்ற வேண்டும் என்ற 2019 அக்டோபர் விதி வங்கிகளுக்குத்தான். ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கு அது இல்லை. அவர்கள் தங்கள் சொந்த அடிப்படை விகிதத்தை வைத்து வட்டி போடுகிறார்கள். ஏற்றும்போது இருக்கும் வேகம் இறக்கும்போது பெரும்பாலும் இருப்பதில்லை. அநியாயமாகத் தோன்றும்; ஆனாலும் சட்டமீறல் என்று சொல்லிவிட முடியாது.

சொல்லாமல் விட்டது வேறு விஷயம். வட்டி உட்பட நிபந்தனை எது மாறினாலும் கடன்தாரருக்குப் புரியும் மொழியில் தெரிவிக்க வேண்டும், மாற்றம் அதற்குப் பிந்தைய காலத்துக்கே பொருந்தும் என்பது நியாய நடைமுறை விதி. அதற்கும் மேலாக, 2023 ஆகஸ்ட் 18-இல் ரிசர்வ் வங்கி தனியாகவே ஒரு விதி கொண்டுவந்தது. வங்கிகளோடு ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிகளையும் அது கட்டுப்படுத்தும். தவணையோ காலமோ கூடினால் உடனே தெரிவிக்க வேண்டும். தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலந்து செய்வதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உங்களுக்குத் தரப்பட வேண்டும். முழுதாகவோ பகுதியாகவோ எப்போது வேண்டுமானாலும் முன்கூட்டிக் கட்டலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்டேட்மென்ட் தர வேண்டும்: இதுவரை வசூலான அசல், வட்டி, தவணைத் தொகை, பாக்கித் தவணை எத்தனை, ஆண்டு வட்டி விகிதம் எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

உங்கள் கடன் 2021-இல் வாங்கியது என்பதால் இது பொருந்தாது என்று கிளையில் சொல்லலாம். பொருந்தும். பழைய கடன்களுக்கும் 2023 டிசம்பர் 31-க்குள் நடைமுறைக்குக் கொண்டுவந்து, பழைய கடன்தாரர் எல்லோருக்கும் என்னென்ன வாய்ப்பு இருக்கிறது என்று தகவல் அனுப்ப வேண்டும் என்று அந்த விதியே சொல்கிறது. ஒரேயொரு மாற்றம்: நிலையான வட்டிக்கு மாறும் வாய்ப்பைத் தருவது 2025 அக்டோபர் 1 முதல் நிறுவனத்தின் விருப்பம் ஆகிவிட்டது. அதைக் கேட்கலாம், கட்டாயப்படுத்த முடியாது.

கம்பெனியின் பக்கம் ஒரு வாதம் இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். நீங்கள் கொடுத்த எண்ணுக்குத்தான் அவர்கள் எஸ்.எம்.எஸ். அனுப்பினார்கள். எண் செத்துப்போனதை நீங்கள் தெரிவிக்கவில்லை. வளைகுடாவுக்கு ஆள் போன வீடுகளில் நம் மாவட்டத்தில் இது அடிக்கடி நடக்கிறது. இன்றைக்கே உங்கள் எண்ணையும் மின்னஞ்சலையும் எழுத்தில் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். 2023-க்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டிய ஸ்டேட்மென்ட் எதுவும் எந்த வழியிலும் வந்து சேரவில்லை என்றால், அதற்குச் செத்த சிம் முழுப் பதில் ஆகாது.

3 லட்சத்தை என்ன செய்வது

இதுதான் உங்கள் கடிதத்திலேயே மிக முக்கியமான கேள்வி. நீங்கள் அதை ஒரே வரியில் கடந்து போய்விட்டீர்கள். 17,03,000-இல் 3 லட்சத்தைக் கட்டி, தவணையை அதே 16,195-இல் வைத்தால், வட்டி 10.5-ஆகவே இருந்தாலும் பாக்கித் தவணை 290-லிருந்து சுமார் 163 ஆகும். 127 தவணை குறைகிறது. போடும் 3 லட்சத்தைக் கழித்தாலும் 17 லட்சத்துக்கு மேல் மிச்சம்.

ஆனால் கிளையில் கட்டும்போது ஒரு இடத்தில் கவனம் வேண்டும். ஒரு பகுதியை முன்கூட்டிக் கட்டியதும் சில இடங்களில் காலத்தை அப்படியே வைத்துத் தவணையைக் குறைத்துவிடுவார்கள். மாதத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு, மூவாயிரம் குறைவது கேட்க இனிப்பாக இருக்கும், ஆனால் 290 மாதமும் அப்படியே நிற்கும். "தவணைத் தொகையை மாற்ற வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். நகலில் சீலோடு கையெழுத்து வாங்குங்கள். ஒரு வாரம் கழித்துப் புதிய தவணை அட்டவணையைக் கேட்டு வாங்கி, எண்ணிக்கையைச் சரிபாருங்கள்.

மொத்தப் பணத்தையும் போடுவதற்கு முன் வீட்டில் வேறு கடன் உண்டா என்று யோசியுங்கள். நகைக்கடனோ கைமாற்றோ 10.5-க்கு மேல் வட்டியில் ஓடினால் முதலில் அதை முடிப்பதுதான் லாபம். கணவரின் வேலை ஒப்பந்தம் எப்போது புதுப்பிக்க வேண்டும் என்றும் பாருங்கள். ஆறு மாதத் தவணைக்கான பணம் கையில் இருந்தால் நிம்மதி.

3 லட்சம் இப்போது போட முடியாது என்று ஆனால் இன்னொரு வழி உண்டு. தவணையைச் சுமார் 18,825 ரூபாயாக உயர்த்தினால் கடன் பழையபடி 180 மாதத்தில் முடியும். மாதத்துக்கு 2,630 கூடுதல். 290 மாதம் இழுப்பதோடு ஒப்பிட்டால் மொத்தத்தில் சுமார் 13 லட்சம் மிச்சம். 2022-இல் உங்களைக் கேட்டிருந்தால் நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள் என்பது எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த 2 சதவீதக் கட்டணம்

தனிநபர் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி முடிக்கக் கட்டணம் கிடையாது. பகுதியாகக் கட்டினாலும் முழுதாக அடைத்தாலும், பணம் உங்களுடையதாக இருந்தாலும், வேறு வங்கி கொடுத்து எடுத்தாலும் இதே நிலைதான். உங்கள் ஒப்பந்தத்தில் மாறும் வட்டி என்று இருப்பதை நானே பார்த்தேன். எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்ன 2 சதவீதம் எழுத்தில் வராது என்றுதான் நினைக்கிறேன்.

வேறு வங்கிக்கு மாற்றுவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வட்டி வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கு மேல் இருந்தால் யோசிக்கலாம். புதிய வங்கியின் பரிசீலனைக் கட்டணம், வக்கீல் கருத்து, மதிப்பீட்டாளர் கூலி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய எம்.ஓ.டி.க்கு (பத்திரத்தை அடமானமாக ஒப்படைத்ததற்கான பதிவு ஆவணம்) கடன் தீர்ந்த ரசீது, புதிய எம்.ஓ.டி. பதிவு என்று செலவு வரிசையாக வரும். அதற்கு முன் இப்போதைய கம்பெனியிடமே வட்டியைக் குறைக்க முடியுமா, அதற்கு மாற்றுக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். வேறு வங்கியின் அனுமதிக் கடிதத்தை மேசையில் வைத்துக் கேட்டால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள்.

கடன் கைமாறினால் பத்திரம் யாரிடம்

கடன் வங்கிக்குப் போய், வசூலைப் பழைய கம்பெனியே பார்ப்பது இப்போது சாதாரணமாக நடக்கிறது. கடனை வாங்கியவர் ஒருவர், கணக்கைப் பராமரிப்பவர் இன்னொருவர். கைமாறியது என்பதற்காக வட்டி, காலம், முன்கூட்டிக் கட்டுவது பற்றிய உங்கள் நிபந்தனைகள் மோசமாகிவிட முடியாது. ஆனால் யாரிடம் என்ன கேட்பது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே மூன்று கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: ஒன்று, இன்றைய தேதியில் கடனில் யாருக்கு எவ்வளவு பங்கு; இரண்டு, தவணையையும் முன்கூட்டிக் கட்டும் தொகையையும் யாரிடம் கட்டினால் செல்லும்; மூன்று, அசல் பத்திரங்கள் எந்த ஊரில், யார் பொறுப்பில் இருக்கின்றன. கடன் வாங்கும்போது ஒப்படைத்த பத்திரங்களின் பட்டியல் உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் அதன் நகலையும் கேளுங்கள். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று என்று ஒவ்வொன்றும் அதில் தேதியோடு இருக்க வேண்டும்.

கடனை முழுதாக முடிக்கும் நாளில் 2023 செப்டம்பர் 13-இல் வந்த விதி உங்களுக்குத் துணை. 30 நாளுக்குள் எல்லா அசல் பத்திரங்களையும் திருப்பித் தந்து, பதிவு செய்த அடமானப் பாத்தியதையையும் நீக்க வேண்டும். அவர்கள் காரணமாகத் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. பத்திரம் தொலைந்தால் நகல் எடுக்கும் செலவு அவர்களுடையது, அதற்குக் கூடுதலாக 30 நாள் அவகாசம் உண்டு. கணக்கு நடந்த கிளையிலேயே பெற்றுக்கொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறது. "சென்னைக்குப் போய் வாங்குங்கள்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பத்திரம் கைக்கு வந்ததோடு நிறுத்திவிடாமல், சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது பதிவாகிவிட்டதா என்று புதிய வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். கடன் முடிந்து பத்து வருடம் கழித்து, மகளுக்கு எழுதி வைக்கப் போகும்போது பழைய அடமானம் வில்லங்கத்தில் நிற்பதைப் பார்த்துத் திகைக்கிற குடும்பங்கள் இங்கே நிறைய.

எங்கே, எந்த வரிசையில் புகார்

முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்குப் பதிவுத் தபாலும் மின்னஞ்சலும். கிளை மேலாளரிடம் பேசியது புகார் ஆகாது. முழு ஸ்டேட்மென்ட், ஒவ்வொரு வட்டி மாற்றத்தின் தேதியும் அதைத் தெரிவித்த கடிதத்தின் நகலும், 2021-இல் கையெழுத்தான முக்கிய நிபந்தனைகள் ஆவணத்தின் நகல் ஆகியவற்றைக் கேளுங்கள். இந்தக் கடைசி ஆவணத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் இரண்டு பிரதி போட்டு, ஒன்றை உங்களிடம் தந்திருக்க வேண்டும். இன்சூரன்ஸ் என்று கடனில் சேர்த்த 54,000 ரூபாய்க்குப் பாலிசிச் சான்றிதழையும் கேளுங்கள். கடனுக்கு அது சட்டப்படி கட்டாயம் அல்ல. ஐந்து வருடம் கழித்துப் பணத்தைத் திரும்பக் கேட்பது கடினம்தான். ஆனால் அது கணவர் உயிருக்கு மட்டுமா, உங்களுக்கும் சேர்த்தா, எத்தனை வருடத்துக்கு என்பது தெரிய வேண்டும். கடனை முன்கூட்டி முடித்தால் மீதிக் காலத்துக்கு ஏதாவது திரும்பக் கிடைக்குமா என்றும் பாலிசி சொல்லும்.

ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் தேசிய வீட்டுவசதி வங்கியின் 'கிரிட்ஸ்' என்ற புகார் இணையதளத்தில் பதியலாம். நீங்கள் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளருக்கு) எழுதப்போவதாகச் சொல்லியிருந்தீர்கள். வங்கிக் கடனாக இருந்தால் அதுதான் வழி. ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனி மீதான புகார் தேசிய வீட்டுவசதி வங்கிக்குத்தான் போக வேண்டும்.

நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019 சட்டம் சொல்கிறது. ஆனால் கால வரம்பு இரண்டு வருடம். 2022-இல் நடந்ததற்குக் காலம் போய்விட்டது என்று வாதிடுவார்கள். ஸ்டேட்மென்ட் தராத குறை இன்றுவரை தொடர்கிறது என்பது உங்கள் பதில். வெற்றி நிச்சயம் என்று நான் சொல்லமாட்டேன். கட்டிய கூடுதல் வட்டி முழுவதும் திரும்ப வரும் என்று நம்பிப் போகாதீர்கள். சேவைக் குறைபாட்டுக்கு ஓர் இழப்பீடு, சரியான கணக்கு, தவணையை மாற்றும் வாய்ப்பு ஆகியவற்றை எதிர்பார்ப்பதே நியாயமான எதிர்பார்ப்பு.

தங்கைக்கு

அவருடைய நிலை உங்களைவிட மேல். 2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கப்படும் எந்தத் தனிநபர் கடனுக்கும் முக்கியத் தகவல் அறிக்கை தர வேண்டும். அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், விளக்கிச் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். தமிழில் கேட்கச் சொல்லுங்கள். அதைக் கொடுத்த பிறகு குறைந்தது மூன்று வேலைநாள் யோசிக்க அவகாசம் உண்டு, அதுவரை அந்த நிபந்தனைகளை மாற்ற முடியாது. "இன்றைக்கே கையெழுத்துப் போட்டால்தான் இந்த வட்டி" என்ற அவசரத்துக்கு அவர் பணிய வேண்டியதில்லை.

அந்த அறிக்கையில் ஆண்டு மொத்தச் செலவு விகிதம் என்று ஒரு எண் இருக்கும். வட்டியோடு பரிசீலனைக் கட்டணம், இன்சூரன்ஸ், வக்கீல் கட்டணம் எல்லாம் சேர்ந்தது அது. இரண்டு நிறுவனங்களை ஒப்பிட வேண்டுமானால் விளம்பர வட்டியை விட்டுவிட்டு இந்த எண்ணை வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். அறிக்கையில் இல்லாத கட்டணத்தை அவருடைய வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்க முடியாது. இன்சூரன்ஸ் எடுத்தால், பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பும் உரிமையும் உண்டு. இன்னொன்று, வட்டி பணம் கைக்கு வந்த தேதியிலிருந்துதான் ஓட வேண்டும், ஒப்பந்தத் தேதியிலிருந்து அல்ல.

கடைசியாகக் கணவரைப் பற்றி. அவரும் இணைக்கடன்தாரர் என்பதால் பத்திரம் திரும்ப வாங்கவும் ரசீது பதியவும் அவர் கையெழுத்து தேவைப்படும். அதற்காக விடுமுறை எடுத்து வர வேண்டியதில்லை. மஸ்கட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று உங்கள் பெயருக்குப் பொது அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். அது ஊருக்கு வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிடுங்கள். புகார்க் கடிதம் எழுத உதவி வேண்டுமானால் நாகர்கோவில் கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் அங்கே இலவசமாக வக்கீல் தருவார்கள். போகும்போது ஒப்பந்தத்தின் நகல், ஸ்டேட்மென்ட், அந்த வங்கி மாற்றத் தகவல் மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

— வழக்கறிஞர், நாகர்கோவில்